சனிக்கிழமைச் சம்பளமும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

நம் உழவர் கூட்டம் எதுவானாலும் சரி, விதைத் திருவிழாவோ மாதாந்திரச் சந்திப்போ, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பேச்சு வந்தே தீரும். "எல்லாஞ் சரிதானுங்க, எங்களுக்கப்புறம் ஆரு பார்ப்பாங்க? எங்க பையன் தோட்டத்துப் பக்கமே திரும்ப மாட்டேங்கறான்." சுற்றி உட்கார்ந்திருக்கிற நரைத்த தலைகள் எல்லாம் ஆடும். செல்போன்தான் காரணம் என்பார் ஒருவர். படிப்புதான் கெடுத்துவிட்டது என்பார் இன்னொருவர். டாஸ்மாக், சினிமா, சோம்பேறித்தனம் என்று பட்டியல் நீளும். அந்தப் பையனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டதாக மட்டும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

முப்பத்து நாலு வருஷம் வங்கியில் இருந்துவிட்டு, இப்போது ஐந்து ஏக்கரில் மஞ்சளும் காய்கறியும் சிறுதானியமும் பார்க்கிறவன் நான். இந்த இதழைப் படிக்கிற பலர் விவசாயத்தில் எனக்கு வாத்தியார்கள். அவர்களுக்கு ஜீவாமிர்தம் சொல்லித்தர நான் வரவில்லை. ஆனால் வங்கி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, பதினெட்டு வயதிலிருந்து முப்பது வயது வரை உள்ள ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கல்விக்கடனுக்கு வந்தவர்கள், அம்மா நகையை அடகு வைக்க வந்தவர்கள், மாட்டுக்கடன் கேட்டு வந்து வெறுங்கையோடு போனவர்கள். ஒரு பிள்ளை எப்படி உருவாகிறது என்பதை நாம் குணத்தை வைத்துப் பேசுகிறோம். எனக்கென்னவோ அது பெரும்பாலும் கணக்கு வழக்காகத்தான் தெரிகிறது. எந்த வயதில் யார் அதற்கு எதைக் கொடுத்தார்கள், எதைக் கொடுக்காமல் பிடித்து வைத்தார்கள் என்கிற கணக்கு.

அரசாங்கத்தின் 2014 தேசிய இளைஞர் கொள்கைப்படி, இளைஞர் என்றால் 15 முதல் 29 வயது வரை. கணக்கு ஆரம்பிப்பது என்னவோ அதற்கு வெகு முன்னாலேயே.

நாற்றங்கால்

நாற்றங்காலில் வாடிப்போன நாற்றை நட்டுவிட்டு, பின்னால் எத்தனை எரு கொட்டினாலும் முழுசாகத் தேறாது என்பது நமக்குத் தெரியும். பிள்ளைகளுக்கும் அப்படித்தான். கரு உண்டானதிலிருந்து இரண்டு வயது முடியும் வரை உள்ள ஆயிரம் நாட்களில் விழுந்த பள்ளத்தைப் பிறகு நிரவுவது ரொம்பவும் கஷ்டம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தமிழ்நாட்டில் 25 சதவீதம். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் நான்கு குழந்தைகளில் ஒன்று என்று சொல்லிப் பாருங்கள். இரத்தசோகை இதைவிட மோசம். நம் மாநிலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம், 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53 சதவீதம். சோகை பிடித்த பெண்தான் நாளைக்குத் தாயாகிறாள். வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளையை மக்கு என்று திட்டுகிறோம், இரத்தத்தைப் பார்த்தோமா?

இந்த விஷயத்தில் அரசாங்கத்தைக் குறை சொல்ல நமக்கு அவ்வளவு உரிமை இல்லை. 1956-ல் காமராஜர் காலத்தில் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவு, பிறகு முட்டை, 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் என்று கட்சி மாறினாலும் இந்த வேலை நிற்கவில்லை. பசியோடு பள்ளிக்கூடம் போன தலைமுறை எங்களுடையது. அதன் அருமை எங்களுக்குத் தெரியும்.

நம் வீட்டைப் பார்ப்போம். காலையில் ஆறு லிட்டர் கறந்து ஆறு லிட்டரையும் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வரக்காப்பி கொடுக்கிற வீடுகள் எத்தனை? நாட்டுக்கோழி முட்டைக்கு நல்ல விலை கிடைக்கிறது என்று அத்தனையும் டவுனுக்குப் போகிறது. கம்பும் ராகியும் மரபு நெல்லும் விளைவிக்கிறோம், மூட்டை கட்டிச் சென்னைக்கு அனுப்புகிறோம், வீட்டில் உலை கொதிப்பது ரேஷன் அரிசி. சாயங்காலம் பிள்ளைக்குப் பாக்கெட் நூடுல்ஸ். நஞ்சில்லா உணவு என்று பேனர் கட்டிப் பேசுகிற நம் ஆட்கள் வீட்டிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். விற்கிறதை வில்லுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வீட்டுப் பங்கை எடுத்து வைத்துவிட்டு வில்லுங்கள். முருங்கைக்கீரை வேலியிலேயே நிற்கிறது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்பதையும் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறதா என்று ஒரு கண் பாருங்கள்.

பெண்பிள்ளைக்கு ஒரு வழி

பதினைந்து பதினாறு வயதில் பாதை பிரிகிறது. எங்கள் மேற்கு மாவட்டங்களில் ரொம்ப நாள், ஏழை வீட்டுப் பெண்பிள்ளைக்கு அந்தப் பாதை நூற்பாலைக்குத்தான் போனது. சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமான பேர். மூன்று வருஷம் மில் விடுதியிலேயே தங்கி வேலை செய்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று மொத்தமாக ஒரு தொகை. மூன்று வருஷம் முடிவதற்குள் உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்த பெண்களுக்கு அந்தத் தொகை கைக்கு வராமல் போன கதைகள் எவ்வளவோ வெளியே வந்தன. என் மேஜைக்கு வந்த சில பெண்களுக்குத் தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாது. பாஸ்புக் அப்பாவிடமோ அண்ணனிடமோ இருக்கும். பெண் மூன்று வருஷம் பஞ்சுத் தூசியில் நின்ற காசு, யார் கையெழுத்தில் வெளியே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பது அந்த வேலையில் இருந்த பெரிய வேதனை.

இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. உயர்கல்விக்குப் போகிற பிள்ளைகளின் விகிதம் 2021-22 கணக்கில் தமிழ்நாட்டில் 47 சதவீதம், நாடு முழுக்கச் சேர்த்தால் 28 தான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு 2022-லிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. 2024-லிருந்து பையன்களுக்கும். ஆயிரம் ரூபாயில் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்தக் காசு அவள் பேரில், அவள் கணக்கில் விழுகிறது. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

படிப்புக்கு வாங்குகிற கடனைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலு லட்சம் வரை கல்விக்கடனுக்கு அடமானம் கிடையாது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-லேயே வந்தது. கேட்காமல் விட்டவர்கள் நிறைய, சொல்லாமல் விட்ட வங்கிக் கிளைகளும் உண்டு. ஊருக்கு ஊர் இன்ஜினியரிங் கல்லூரி திறந்த காலத்தில், எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், வேலை கிடைக்குமா என்று எதுவும் விசாரிக்காமல் சேர்ந்தவர்கள் இருபத்து நாலு வயதில் தவணை தவறியவர்களாக ஆனார்கள். சிபில் ஏட்டில் ஒருமுறை கறை விழுந்தால், பிறகு அந்தப் பையன் மாட்டுக்கடனுக்கு வந்தாலும் கம்ப்யூட்டர் அதைத்தான் காட்டும்.

சம்பளம் இல்லாத ஆள்

சரி, இத்தனையும் தாண்டி ஒரு பையன் ஊரிலேயே இருக்கிறான், விவசாயம் பார்க்கிறேன் என்கிறான் என்று வையுங்கள். அவனுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்?

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள். பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் போடுகிற நாள். பேக்கரியில், செருப்புக் கடையில், செல்போன் கடையில் நிற்க இடம் இருக்காது. இருபது வயதுப் பையன் தன் காசில் தன் தங்கைக்குச் சுடிதார் வாங்குகிறான். அதே வயதில் நம் தோட்டத்தில் இருக்கிற பையன் விடியற்காலையில் எழுந்து தண்ணீர் கட்டுகிறான், பால் கறக்கிறான், டிராக்டர் ஓட்டுகிறான், மஞ்சள் வேக வைக்கிறான். வண்டிக்குப் பெட்ரோல் போட நூறு ரூபாய் வேண்டுமென்றால் அப்பாவிடம் வந்து நிற்கிறான். "போன வாரந்தான குடுத்தேன், அதுக்குள்ள என்ன பண்ணுனே?" என்று ஒரு விசாரணை வேறு. கலியாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் டயப்பர் வாங்க அப்பாவிடம் காசு கேட்கிற ஆட்களை எனக்குத் தெரியும்.

அரசாங்கத்தின் தொழிலாளர் கணக்கெடுப்பில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு வகை இருக்கிறது: குடும்பத் தொழிலில் கூலியில்லா உதவியாளர். நம் வீட்டுப் பையன், மருமகள், மகள் எல்லாரும் அந்தக் கட்டத்துக்குள்தான் வருகிறார்கள். கூலி ஆளுக்கு நாள் முடிந்ததும் சம்பளம் எண்ணிக் கொடுக்கிறோம். அதே வரப்பில் நின்ற மகனுக்கு, 'எல்லாம் உனக்குத்தான்டா' என்று ஒரு வசனம். அவனுக்கு அது எப்போது கிடைக்கும்? அப்பாவுக்கு எண்பது வயதாகும்போது அவனுக்கு ஐம்பத்தைந்து.

சின்ன வயதிலேயே இந்தப் பாடத்தை நடத்தி விடுகிறோம். "இந்தக் கன்னு உன்னுது சாமி, நீதான் வளர்க்கோணும்" என்று பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுப்போம். அதுவும் பேர் வைத்து, புல் அறுத்துப் போட்டு, குளிப்பாட்டி வளர்க்கும். சந்தைக்குப் போனதும் காசு அப்பா மடியில். பிள்ளைக்கு ஒரு பொட்டலம் பொரி. விவசாயத்தில் உழைக்கிறவனுக்குக் காசு வராது என்பதை அந்தப் பிள்ளை அன்றைக்கே கற்றுக்கொண்டு விடுகிறது. பத்து வயது முடிந்த பிள்ளை தானே கையெழுத்துப் போட்டு நடத்தும் சேமிப்புக் கணக்கை வங்கிகள் திறக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே அனுமதித்துவிட்டது. கன்றுக்குட்டி விற்ற காசைப் போட இதைவிட நல்ல இடம் எது?

அடுத்தது காகிதம். ஒரு பையன் இரண்டு மாடு வாங்கக் கடன் வேண்டும் என்று வருவான். நல்ல பையன், பேச்சிலேயே தெரியும். சிட்டா கொண்டு வா என்போம். சிட்டா தாத்தா பேரில் இருக்கும். தாத்தா காலமாகிப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். இல்லையென்றால் கூட்டுப்பட்டா, பெரியப்பா கையெழுத்து வேண்டும், பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் வரப்புத் தகராறில் பேச்சு கிடையாது. குத்தகைக்கு ஓட்டுகிறவருக்கும் உழவர் கடன் அட்டை உண்டு என்று விதி இருக்கிறது. இப்போது இரண்டு லட்சம் வரை அடமானமும் தேவையில்லை. மூன்று லட்சம் வரை பயிர்க்கடனைத் தவணை தவறாமல் கட்டினால் வட்டி 4 சதவீதம்தான். ஆனால் நான் உழுகிறேன் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமாவது வேண்டுமே? கடைசியில் அம்மா கழுத்துச் சங்கிலி நகைக்கடனுக்கு வரும், அந்தக் கடனும் அப்பா பேரில் போகும்.

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம், 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி, 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இதில் எதைப் பிரித்துக் கொடுப்பது என்று அப்பாக்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பின்னால் சொல்லாத ஒரு பயமும் இருக்கிறது. "எழுதிக் குடுத்தா வித்துப் போடுவான், கடைசிக் காலத்துல கஞ்சி ஊத்த மாட்டான்." இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன், நடந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதற்கு வழி இருக்கிறது. தானசெட்டில்மென்ட் எழுதும்போதே, தங்கள் ஆயுள் வரை அனுபவ உரிமையைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதினால், பிள்ளை கைவிட்டபோது அதை ரத்து செய்ய 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தில் இடம் இருக்கிறது. எழுதிக் கொடுக்கவே மனசு வரவில்லையா? ஒரு ஏக்கரை மகனுக்கு ஐந்து வருஷக் குத்தகைக்கு விடுங்கள். குத்தகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்து கொடுங்கள். வங்கிக்குப் போக அவன் கையில் ஒரு காகிதம் வந்துவிடும்.

மகன் மகன் என்றே எழுதிக்கொண்டு போகிறேன், மகளும் இருக்கிறாள். தமிழ்நாட்டில் பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று 1989-லேயே சட்டம் வந்தது, நாடு முழுக்க 2005-ல். கல்யாணத்துக்குச் செய்துவிட்டோம் என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வதுதான் இன்றைக்கும் பழக்கம். விவசாயம் பார்க்கிற பையனுக்குப் பெண் கிடைக்கவில்லை என்று எங்கள் பக்கம் கேரளா வரை தேடிப் போகிறார்கள். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிக்க வேண்டி வந்ததே, அந்தக் காலத்தில் வளர விடாத பெண்கள் இருந்திருந்தால் இன்றைக்கு முப்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். இதைக் கூட்டத்தில் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

இன்னொன்று, நாம் பேசத் தயங்குவது. கையில் காசில்லாமல், பேச்சுக்கு மதிப்பில்லாமல் இருக்கிற வயதில் ஒரு கோபமோ அவமானமோ வரும்போது, எட்டும் தூரத்தில் விஷம் இருப்பது எத்தனை உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது என்று ஒவ்வொரு ஊருக்கும் தெரியும். பக்கத்து இலங்கையில் 1995-லிருந்து மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த பத்து வருஷத்துக்குள் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மனக்கஷ்டம் அங்கே குறைந்துவிடவில்லை. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் போனதே பல உயிர்களைக் காத்தது. மாட்டுக்கொட்டகைச் சந்தில் பழைய டப்பா எதுவும் மிச்சம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 104, 14416 என்ற எண்களில் எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது.

எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், பேர் வேண்டாம், கிணற்றை ஒட்டிய ஒரு ஏக்கரை டிப்ளமோ முடித்த மகனுக்கு விட்டுக் கொடுத்தார். நாலு ஏக்கரில் அதுதான் நல்ல பூமி. வறண்ட மேட்டைத் தள்ளிவிடாமல் அதைக் கொடுத்தாரே, அதற்கே அவருக்கு ஒரு மாலை போடலாம். நிபந்தனை மூன்றே. செலவும் வரவும் அவனுடையது. கேட்டால்தான் அப்பா யோசனை சொல்வார். மீதி மூன்று ஏக்கரில் அவன் செய்கிற வேலைக்கு, மற்ற ஆட்களுக்குப் போல சனிக்கிழமை சனிக்கிழமை கூலி.

முதல் வருஷம் தக்காளி வைத்தான். விலை விழுந்து, பறிக்கிற கூலிக்கும் கட்டாமல் ஆடுகளை விட்டு மேய்த்தான். அப்பா வாயைத் திறக்கவில்லை. "நாக்கக் கடிச்சுக்கிட்டு இருந்தனுங்க, ராத்திரி தூக்கமே இல்லை" என்று என்னிடம் சொன்னார். அம்மா அழுதிருக்கிறார். இரண்டாம் வருஷம் பையனே வந்து யோசனை கேட்டான். பந்தல் போட்டுப் பீர்க்கனும் பாகலும் ஏற்றினான், ஓரத்தில் அகத்தி, கீழே கீரை. ஒரே பயிரை நம்பக் கூடாது என்று நாம் பத்து வருஷமாகச் சொல்லிவருகிறோம்; அவன் தன் காசு போன ஒரே வருஷத்தில் புரிந்துகொண்டான். கூலிக் காசைச் சேர்த்து ஒரு மாடு வாங்கினான். வரவு செலவு நோட்டு ஒன்று வைத்திருக்கிறான், பக்கத்துக்குப் பக்கம் கூட்டல் சரியாக இருக்கிறது, நான் பார்த்தேன். வங்கிப் புத்தி போகுமா! இப்போது திருப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நாற்பது வீட்டுக்கு வாரம் இரண்டு தடவை காய் கொண்டுபோகிறான். பெண் கொடுக்க வந்தவர்கள் என்ன வருமானம் என்று கேட்டபோது, அப்பாவைப் பேச விடாமல் பாஸ்புக்கைக் கொண்டுவந்து வைத்தான். கல்யாணம் தையில் முடிந்தது.

போன மாதம் அவர் மறுபடி வந்திருந்தார். மகள் பி.எஸ்சி. முடித்திருக்கிறாள், மரச்செக்கு போட்டு நிலக்கடலை, எள் ஆட்டலாம் என்கிறாளாம். அதற்குக் கடன் வாங்க அவள் பேரில் என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டார். முதலில் மேல்காட்டில் ஐம்பது சென்ட்டை அவள் பேருக்குச் செட்டில்மென்ட் எழுதி, உட்பிரிவு செய்து, தனிப்பட்டாவுக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். சர்வேயர் வருகிற புதன்கிழமை அளக்க வருகிறார்.